முடித்தால்தான் ஆட்டமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

‘விளையாட்டு வினையாகும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் விளையாட்டையே ஒரு வினையாக எண்ணி, குறிப்பேட்டில் கணக்கு எழுதி, ஒன்றுவிடாமல் டிக் அடித்து, வேர்க்க விறுவிறுக்க ஆடி முடிக்கிற ஒருவனைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அந்த ஒருவன் அடியேன்தான். நண்பர்கள் விண்வெளி, பெண் கல்வி, பாரதி என்று தலைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எழுது. ஆனால் விளையாட்டாக எழுதாதே” என்றார். அந்தக் கட்டளைக்கு உட்பட்டே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். போனில், கணினியில் விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது பணம் கட்டி ஆடும் ரம்மி. அதனால் குடும்பங்கள் சீரழிந்த கதை தமிழ்நாடு அறிந்ததே. 2022-இல் நம் சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் செய்தது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. நான் பேசவந்தது அதைப் பற்றி அல்ல. ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆட்டங்களைப் பற்றியே பேசுகிறேன். அதாவது நாம் ஒரு வேடம் ஏற்று, ஒரு கதைக்குள் நுழைந்து, அந்தக் கதையில் நடக்க வேண்டியதை நாமே தீர்மானிக்கிற ஆட்டம்.

இதன் பூர்வீகம் கணினி அல்ல. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பல முகங்கள் கொண்ட பகடை, சுற்றி உட்கார நாலு பேர்; இவ்வளவுதான் முதலீடு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பதில் சொல்லி ஆடுவார்கள். பின்னால் அந்தக் கதை சொல்லியின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. இந்த ஆட்டங்களில் ஒரு மூலக்கதை இருக்கும். பாரதத்தைப் போல அதைச் சுற்றிக் கிளைக்கதைகள் பல இருக்கும். எந்த வழியாகவும் போகலாம். ஆகவே ஒரே ஆட்டத்தை நான்கு பேர் ஆடினால் நான்கு கதை கிடைக்கும்.

எங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பன் திரையில் வரும் வசனம் ஒன்றைக்கூடப் படிப்பதில்லை. பொத்தானைத் தட்டித் தட்டித் தாண்டிவிட்டு, “யாரை அடிக்கணும், அத மட்டும் சொல்லுலே” என்பான். இன்னொருவன் கதாநாயகனின் முகத்துக்கு மூக்கும் மீசையும் வைப்பதிலேயே ஒரு மாலையைக் கழிப்பான். பிறகு அலுப்பாகி மூடிவிடுவான். ஒரு தோழி இருக்கிறார். ஊரில் உள்ள கொல்லன், கிழவி, பிச்சைக்காரன் என்று எல்லாரிடமும் பேசி முடிக்காமல் அடுத்த ஊருக்கு நகரமாட்டார். கல்லூரிப் பேருந்திலும் அவர் அப்படித்தான்.

இந்த வேறுபாட்டை ஆராய்ந்து எழுதியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பலர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் எழுதிய கட்டுரையில், ஆடுபவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களாகப் பிரித்தார். சாதித்துச் சேர்ப்பவர்கள் டைமண்ட். தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் இஸ்பேடு. மற்றவரோடு உறவாட வருபவர்கள் ஆட்டின். மற்றவரை அடித்து மகிழ்பவர்கள் கிளாவர். படித்தபோது எங்கள் வகுப்பையே எதிரில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு குறை. யாருக்கு எதில் இன்பம் என்று சொல்கிறாரே தவிர, அந்த இன்பத்தை அவன் எந்த வீட்டிலிருந்து எடுத்துவந்தான் என்று பார்ட்டில் கேட்கவில்லை. அதைக் கேட்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் டைமண்ட் இனம். ‘ஸ்கைரிம்’ என்ற ஆட்டத்தை நான் ஆடிய விதத்தைச் சொன்னால் விளங்கும். அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆர்.பி.ஜி. அது. பனிமலைகளும் பழைய கோட்டைகளும் நிறைந்த ஒரு நாடு. நான் ஒரு குகைக்குள் நுழைந்தால் உள்ளே இருக்கும் பெட்டி, பானை, சாக்கு எல்லாவற்றையும் திறந்து பார்க்காமல் வெளியே வரமாட்டேன். யாரிடமாவது பேசப் போகுமுன் ஒரு முறை சேவ் செய்வேன். பதில் தவறிப்போனால் பழைய இடத்துக்குத் திரும்பி வேறு பதில் சொல்லலாம் அல்லவா? எந்தக் கிளைக்கதையில் எந்தப் பதில் சொன்னால் கூடுதல் பொருள் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே யூடியூபில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அந்தக் குறிப்பேட்டின் முன்பாதியில் பிளஸ் ஒன் கணிதம் இருந்தது, பின்பாதியில் ஸ்கைரிம். தேர்வு நேரத்தில் எந்தப் பாதி அதிகம் அழுக்காகியிருந்தது என்று ஆசிரியர் யாரும் கேட்காதது என் நல்வினை.

காயம் ஆற்றும் மருந்துப் புட்டிகள் அந்த ஆட்டத்தில் வழியெங்கும் கிடைக்கும். எடுப்பேன், குடிக்கமாட்டேன். ‘இப்போது எதற்கு? பின்னால் பெரிய சண்டை வரும், அதற்கு இருக்கட்டும்’ என்று பையில் போடுவேன். பெரிய சண்டை வந்தது. ‘இதைவிடப் பெரியது வரும்’ என்று அப்போதும் குடிக்கவில்லை. கடைசியில் மூலக்கதையின் இறுதிச் சண்டையும் முடிந்து, வெற்றி முழக்கம் கேட்டு, பையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். நூற்றெண்பது புட்டிகள்! அத்தனையையும் சுமந்துகொண்டே, குற்றுயிராக, ஒவ்வொரு சண்டையிலும் செத்துச் செத்துப் பிழைத்து ஆடியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு பட்டுப் புடவை இருக்கிறது. நல்ல நாளுக்கென்று அம்மா மடித்து வைத்தது. எத்தனையோ நல்ல நாள் வந்து போயிற்று. அதைவிட நல்ல நாள் வரும் என்று புடவை உள்ளேயே இருக்கிறது. நூற்றெண்பது புட்டிகளை எண்ணிய அன்று எனக்கு அந்தப் புடவைதான் நினைவுக்கு வந்தது.

ஆக, மிச்சம் என்பதையே அறியாத வீட்டிலிருந்து வருபவன் ஆட்டத்திலும் எதையும் செலவழிக்க அஞ்சுவான், எதையும் விட்டுவிட அஞ்சுவான் என்று எனக்கு நானே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன். அழகான கொள்கை. அதை உடைத்தது என் அண்ணன்.

எங்கள் வீட்டில் கணினி புகுந்தது 2017-இல். பிளஸ் டூ படித்த அண்ணனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அத்திட்டம் இல்லாதிருந்தால் எங்களைப் போன்ற வீடுகளில் அந்தப் பொருள் ஏது? அம்மா தோவாளையில் பூக்கட்டுபவர். அப்பா சந்தையில் சுமடு எடுப்பவர். ஸ்கைரிமை அந்தக் கணினியில் ஏற்றியதும் அண்ணன்தான். எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டதில்லை. மலரில் எழுதவேண்டிய செய்தியாகவும் அது இராது.

அவன் ஆடி நிறுத்திய சேவ் இன்னும் அதில் இருக்கிறது. 61 மணி நேரம் ஆடியிருக்கிறான். ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன், திகைத்துப்போனேன். மூலக்கதையை அவன் தொடவே இல்லை! தொடக்கத்தில் ஒரு டிராகன் வந்து ஊரை எரிக்கும். நாம் தப்பி ஓட வேண்டும். அதன்பின் அந்தப் பகுதியின் தலைவரைப் போய்ப் பார்த்து, அவரும் அவரது ஆட்களும் ஏவும் வேலைகளைச் செய்தால்தான் அடுத்த டிராகன் தலைகாட்டும். அவன் அங்கே போகவே இல்லை. ஆகவே அவன் உலகத்தின் வானத்தில் டிராகன்களே இல்லை. அவன்பாட்டுக்கு மலைச்சரிவில் பூப்பறித்திருக்கிறான். நீலம், சிவப்பு, ஊதா என்று பையில் நானூறு பூ. அந்த ஆட்டத்தில் எதைச் செய்கிறோமோ அதில்தான் திறமை வளரும்; வாள் வீசினால் வாள், மருந்து அரைத்தால் மருந்து. அவனுக்கு மருந்து அரைக்கும் திறமை மட்டும் என்னைவிட இரு மடங்கு. அரைத்த மருந்தையெல்லாம் விற்றும் குடித்தும் தீர்த்திருக்கிறான். பையில் மிச்சம் மூன்றே புட்டி.

அவனும் என் வீட்டில்தானே வளர்ந்தான்? அதே புடவைப் பீரோதானே? பிறகு ஏன் அவன் இஸ்பேடு, நான் டைமண்ட்?

பலநாள் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. அவன் அந்த மலைகளில் சுற்றித் திரிந்தது பிளஸ் டூ முடிந்த விடுமுறையில். அதாவது எங்கள் வீட்டில் யாரும் எதையும் பாதியில் விட்டிராத காலத்தில். நான் ஆடத் தொடங்கியது 2020-இல், ஊரடங்கின்போது. இடையில் ஒன்று நடந்திருந்தது. ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அண்ணன், மூன்று செமஸ்டர் முடித்து, 2019-இன் தொடக்கத்தில் நின்றுவிட்டான். அப்பாவுக்கு மூட்டை இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு ஆறு மாதம் படுக்கை. கட்டணம் கட்ட வழியில்லை. அண்ணன் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போனான். பிறகு வளைகுடாவுக்குப் போனான். அப்பாவின் மருத்துவச் செலவும் என் பள்ளிப் படிப்பும் அந்தச் சம்பளத்தில் நடந்தன. ஆனால் கலியாண வீடுகளில் எங்கள் சொந்தக்காரர்கள் அவனுக்குக் கொடுத்த பட்டம் ஒன்றுதான்: “பாதியில விட்டவன்.” அடுத்த மூச்சில் என் தோளைத் தொட்டு, “இளையவனாவது முடிப்பானாக்கும்” என்பார்கள்.

அந்தக் கை தோளில் இருக்கும்போது எவன் மலைச்சரிவில் பூப்பறிப்பான்?

உளவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் புளூமா செய்கர்னிக் என்ற அம்மையாரின் பெயரைச் சொல்லக்கூடும். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே மனத்தில் அதிகம் தங்குகிறது என்று பெர்லினில் சோதனை செய்து 1927-இல் வெளியிட்டவர் அவர். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் ஆட்டம் விற்கிறவர்கள் இந்த அரிப்பை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2005-இல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, ஆட்டத்துக்குள் செய்யும் காரியங்களுக்கெல்லாம் ‘சாதனை’ என்று ஒரு சின்னமும் புள்ளியும் கொடுக்கும் வழக்கம் பரவத் தொடங்கியது. 2008-இல் சோனியும் கோப்பை கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை பெரும்பாலும் கதை முடிந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு கதை முடிந்தாலும் ‘இன்னும் 38 சதவீதம் பாக்கி’ என்று ஒரு கோடு நம்மைப் பார்த்து இளித்துக்கொண்டே இருக்கும்.

நிண்டெண்டோ 2017-இல் வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. (அதை ஆடும் கருவி வாங்க எங்களுக்கு ஏது காசு? படித்துத் தெரிந்துகொண்டதுதான்.) நாடு முழுக்க 900 விதைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்தையும் தேடி எடுத்துப் போய்க் கொடுத்தால் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில் சாணி உருண்டை போன்ற ஒரு பொருள்! அதனால் ஒரு பயனும் இல்லை. கொடுத்தவர் நமக்காக ஒரு நடனம் ஆடுவார், அவ்வளவே. எல்லாவற்றையும் பொறுக்கினால்தான் திருப்தி என்பவனைப் பார்த்து ஆட்டமே சிரித்த சிரிப்பு அது. எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை வந்தது.

சிரிக்காத ஆட்டங்களும் உண்டு. 2020-இல் சீனாவிலிருந்து வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ போனிலேயே ஆடலாம், இலவசம். ஒவ்வொரு பகுதியையும் எத்தனை சதவீதம் சுற்றிப் பார்த்தோம் என்று அது கணக்குச் சொல்லும். நூறை எட்டினாலும் பின்னால் புதுப் பகுதி ஒன்று வந்து சேரும். பரிசு பெறச் செலவழிக்க வேண்டிய ஒருவகைப் பிசின் அதில் உண்டு. 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். 200-க்கு மேல் சேராது. 200-ஐ 8-ஆல் பெருக்கினால் 1600 நிமிடம். அதாவது 26 மணி 40 நிமிடம். நாளுக்கு ஒரு முறையாவது வந்து எடுக்காவிட்டால் ஊறியது வீண் என்று பொருள். ரப்பர் பால்வெட்டுகிறவர்களுக்குச் சிரட்டை நிறைகிற கணக்குத் தெரியும், அது வயிற்றுப்பாட்டுக்கு. இது எதற்கு? முடிக்கவே முடியாதபடி கட்டப்பட்ட ஒன்றை முடிக்கத் துடிப்பவன் அங்கே வேடம் ஏற்றவன் அல்லன், வேலைக்கு அமர்ந்தவன்.

என் பழக்கத்தை உலுக்கியது 2015-இல் டோபி ஃபாக்ஸ் என்பவர் உருவாக்கிய ‘அண்டர்டேல்’. பழைய கணினியிலும் ஓடுகிற சிறிய ஆர்.பி.ஜி. பூமிக்குக் கீழே அரக்கர்கள் வாழும் ஊரில் விழுந்துவிட்ட ஒரு குழந்தையாக நாம் ஆட வேண்டும். எதிர்ப்படும் அரக்கனைக் கொல்லலாம். அல்லது பேசி, புகழ்ந்து, சிரிக்க வைத்து, கொல்லாமல் விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாமல், எல்லாரோடும் நட்பாகி முடித்தால் எல்லாருக்கும் நல்வாழ்வு கிடைக்கிற முடிவு ஒன்று வரும். அதை அடைந்து கண்கலங்கிய மாணவர்களை நான் அறிவேன். அடியேனும் அதில் ஒருவன். அதன்பின் ஆட்டத்தை மறுபடி திறந்தால் ஒரு சிறிய பூ தோன்றும். இப்போது எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், இதைக் குலைக்கக் கூடியவன் நீ ஒருவன்தான், அவர்களை விட்டுவிடு என்கிற பொருளில் நம்மிடம் கேட்டுக்கொள்ளும்.

நான் என்ன செய்தேன்? குறிப்பேட்டைப் பார்த்தேன். ‘எல்லாரையும் கொல்லும் வழி’ என்ற வரிக்கு எதிரே டிக் இல்லை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

எனக்குக் கோபமோ வெறியோ இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். முதல் வீட்டில் என்னைத் தங்கச் சொல்லி, பலகாரம் சுட்டு வைத்த, தாயைப் போன்ற பாத்திரத்தையும் கொன்றேன். ஊர் ஊராகத் தேடித்தேடி, ஆள் இல்லாத தெருக்களில் நடந்தேன். அழகான இசை இழுபட்டு மந்தமாகிவிட்டது. செய்ய முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காகவே நீ இதைச் செய்கிறாய் என்று ஒரு பாத்திரம் முகத்துக்கு நேரே சொல்கிறது. முடித்தேன், டிக் அடித்தேன். பிறகு மனம் கேட்காமல், பழைய நல்ல முடிவை மறுபடி பார்க்க விரும்பி, முதலிலிருந்து ஒருவரையும் கொல்லாமல் ஆடினேன். ஆட்டம் மறக்கவில்லை! அந்த நல்ல முடிவின் கடைசிக் காட்சியில் ஒரு கறை சேர்ந்துவிட்டது. எத்தனை தரம் மறுபடி தொடங்கினாலும் அது போகாது என்று பின்னர் தெரிந்தது. சேவ் செய்து திரும்பிப் போய் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள், ‘பொம்மைப் படத்துக்கு இவ்வளவு புலம்பலா?’ என்று எண்ணலாம். எண்ணட்டும். ஆனால் ஒரு கேள்வி. ஒரு காரியத்தை விருப்பம் இல்லாமல், தேவை இல்லாமல், கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் செய்கிற பழக்கம் ஆட்டத்தோடு நின்றுவிடுமா? நம்மில் எத்தனை பேர் ரிக்கார்டு நோட்டை அப்படித்தான் எழுதுகிறோம்? ஊசல் ஆடுவதைப் பாராமலே அலைவு நேரம் எழுதியவன் நான். கட்டம் நிரம்பியது, மதிப்பெண்ணும் வந்தது.

முடிக்காமல் விடுவது குற்றம் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் பழையதும் அல்ல. கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கிறது. புலவர் கதையை முதலிலிருந்து கடைசிவரை பாடுகிறார். அது சாமிக்கான கடமை. ஆனால் கேட்க வந்தவர்கள்? ஒருவர் பிறப்புக் கதை வரை கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ஒருவர் நடுச்சாமத்தில் சுக்குக் காப்பி குடிக்க எழுந்து போய்ப் பேச்சில் மாட்டிக்கொள்வார். என் பாட்டி சாமி வரும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வாள். மறுநாள் யாரும் யாரையும் எத்தனை சதவீதம் கேட்டாய் என்று கேட்பதில்லை. அவரவர் கேட்ட அளவுக்குக் கதை அவரவருக்குச் சொந்தம்.

அம்மா முழுதாகப் பார்த்த ஒரே கணினி விளையாட்டு ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023-இல் வெளியிட்டது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா என்ற பெண், தன் தாய் எழுதிய, பாதி அழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தைக்கொண்டு சமைக்கிறாள். நாம்தான் அவள் கை. வாள் இல்லை, மட்டம் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புட்டு அவிக்கும் கட்டத்தில் குறிப்பில் எழுத்து அழிந்திருக்கிறது. வரிசையை நாம் கண்டுபிடிக்க வேண்டும். நான் வழக்கம்போல யூடியூபைத் தேடப் போனேன். பூக்கட்டிக்கொண்டே பின்னால் இருந்து பார்த்த அம்மா, “இதுக்கு எதுக்கு மக்களே அதப் பாக்க? மொதல்ல தேங்கா போடு, பொறவு மாவு” என்றார். சரியாக வந்தது. பிறகு தறியில் கட்டிப்போட்டதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை தாயிடம் தமிழில் பேசத் தயங்கும் இடத்தில், “படிச்சா இப்பிடித்தான் ஆவுமோ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. முடிந்ததும், “தீந்துதா?” என்றார். “தீந்துட்டும்மா.” “கொஞ்சந்தான். நல்லா இருந்துது.” எழுந்து உலை வைக்கப் போய்விட்டார்.

அம்மாவின் தொழிலில் பாதி என்பதற்கு இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாரில் பாதி கட்டிய மாலையை யார் விலைக்கு எடுப்பார்? ஓண நாளில் கேரளத்துக்கு வண்டி கிளம்புமுன் முடித்தாக வேண்டும். பட்டப்படிப்பும் அந்த இனம்தான். அதில் எனக்குக் குழப்பம் ஏதும் இல்லை. துணைப்பாடக் கணிதத்தில் ஒரு தாள் பாக்கி இருக்கிறது. வரும் ஏப்ரலில் எழுதி முடிப்பேன், முடித்தே தீருவேன். நான் சொல்வது, மாலைக்கு உரிய சட்டத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள் என்பதுதான். ஆட்டத்துக்குப் போடாதீர்கள். அதைவிட, ஆளுக்குப் போடாதீர்கள். நம் அலுவலகத் தாள்களில் ‘இடைநின்றவர்’ என்று ஒரு சொல் உண்டு. எதன் இடையில் நின்றார், யாருக்காக நின்றார் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இருப்பதில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ‘குடும்பத்தில் முதல் பட்டதாரியா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். வாழ்நாளில் எத்தனையோ டிக் அடித்திருக்கிறேன்; எழுதுகோல் தயங்கியது அன்று ஒரு நாள்தான். அண்ணன் முடித்திருந்தால் அந்த ‘ஆம்’ என்னுடையது அல்ல.

இப்போது புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். குறிப்பேடு வைக்கவில்லை, யூடியூபும் பார்ப்பதில்லை. மருந்துப் புட்டி கிடைத்தால் குடித்துவிடுகிறேன். பழக்கதோஷத்தில் பானைகளை மட்டும் இன்னும் திறந்து பார்க்கிறேன். அது சீக்கிரத்தில் போகாது போலிருக்கிறது. மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது, சுவிட்சைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஒரு நண்பன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்றான். அண்ணனின் சேவை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கணினியை அவனிடம் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான். அப்பா இடுப்பு, அம்மா மருந்து, என் பாக்கித் தாள் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டான்:

“லேய், என் ஆளு அங்க உண்டுமா?”

“உண்டு அண்ணே. அழிக்கல்ல.”

“டிராகன் ஏதும் வந்துதா?”

“இல்ல. பூ அப்படியே இருக்கு.”

“செரி, அப்பிடியே நிக்கட்டு. டிசம்பர்ல வாறேன்” என்றான்.

பென்டிரைவை அம்மாவின் பீரோவில்தான் வைத்திருக்கிறேன்.